பெரம்பலூர் டு அரியலூர்: பழைய டூரிங் பைக் வாங்கும் முன் ஒரு 30 கிலோமீட்டர்!

திருச்சியிலிருந்து சென்னை போகிற நான்கு வழிச்சாலையில், பெரம்பலூர் வருவதற்கு முன்பே நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப் டயர் தொழிற்சாலை இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்வதற்காகத் தொடங்கிய சிறிய பட்டறைதான் பிறகு டயர் கம்பெனியாக வளர்ந்தது. பலூனோ, டயரோ, உள்ளே இருந்து வேலை பார்ப்பது காற்றுதான். டயர் தயாராகும் இந்த ஊர்ப் பக்கத்திலேயே, காற்றைப் பார்க்காமல் லட்ச ரூபாய்க்கு வண்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

டூரிங் பைக்குகள் செகண்ட் ஹேண்டில் நிறைய கிடைக்கின்றன. லடாக் போகணும் என்று வாங்கி, ஏலகிரி வரை போய்விட்டு, கல்யாணம் ஆனதும் விற்றுவிடுகிறார்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டி, கீறல் இல்லாத டேங்க், பளபளவென்ற சைலன்சர். எல்லாம் சரி. ஆனால், நீண்ட தூரம் போகிற வண்டிக்கு முக்கியம் அது நேராக ஓடுகிறதா, வளைவில் சொன்னபடி கேட்கிறதா என்பது. அது போட்டோவில் தெரியாது.

என் அண்ணன் மகன் மூன்று வருடமாகச் சேர்த்த பணத்தில் ஒரு வண்டியைப் பார்த்து வைத்திருந்தான். பெரம்பலூர்க்காரருடையது, டி.என்.46 பதிவு. கம்பெனி பெயர் வேண்டாம். 21 அங்குல முன்சக்கரமும், ஸ்போக் வீலும், பெட்டி மாட்டுகிற கம்பிகளும் கொண்ட ரகம். அவன் மனைவியோடு தனுஷ்கோடி வரை போக வேண்டும் என்பது திட்டம். பின்னால் ஒருத்தி உட்காரப் போகிறாள் என்பதால்தான் என்னையும் கூப்பிட்டான். மாதமோ ஆடி. “ஆடியில போய் வண்டி எடுப்பாங்களா?” என்று அண்ணி முறைத்தார். “பாக்குறதுக்கு மாசம் கிடையாது அண்ணி, பணம் குடுக்கறது ஆவணியில” என்று சமாதானம் சொன்னேன். உண்மையில், ஆடியில் விலை கொஞ்சம் படியும். இதை விற்கிறவர்களிடம் சொல்லாதீர்கள்.

முந்தைய நாள் சாயங்காலம் அவன் மட்டும் போய் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருக்கிறான். “ஹேண்டில் பஞ்சு மாதிரி இருக்கு சித்தப்பா. ஆனா வளைவுல பின்பக்கம் நெளியுது. ஸ்விங் ஆர்ம் புஷ் போயிருக்குமோ?” என்றான். அப்படி இருந்தால் செலவு கொஞ்சமல்ல. வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்கிற யோசனையில் இருந்தான்.

காலை ஆறரைக்கே விற்பவர் வீட்டு வாசலில் நின்றோம். இதற்குக் காரணம் இருக்கிறது. டயரில் காற்றழுத்தத்தை அளக்க வேண்டியது வண்டி குளிர்ந்திருக்கும்போது. குறைந்தது மூன்று மணி நேரமாவது ஓடாமல், வெயில் படாமல் நின்றிருக்க வேண்டும். ஓடிய டயர் சூடாகும், உள்ளிருக்கும் காற்று விரியும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பி.எஸ்.ஐ. கூடிவிடும். சட்டைப்பையில் அடங்குகிற ஒரு கேஜ் எப்போதும் வைத்திருப்பேன். பஞ்சர் கடைக் கேஜை நம்பாததால் அல்ல. அது கடைக்குக் கடை ஒவ்வொன்று சொல்லும். எல்லா நாளும் ஒரே கேஜில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

“நேத்துதான் சார் காத்து அடிச்சேன்” என்றார் வண்டிக்காரர். அடித்திருந்தார்தான். முன்னால் 36, பின்னால் 22! அந்த வண்டியின் ஸ்டிக்கரில் போட்டிருந்தது, தனியாக ஓட்டினால் முன்னால் 25, பின்னால் 32. பின்னால் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்கு இன்னும் 4. பஞ்சர் கடைப் பையன் மாற்றி அடித்துவிட்டானா, பின் டியூபில் மெதுவாகக் கசிகிறதா, தெரியவில்லை. வண்டிக்கு வண்டி இந்த எண்கள் மாறும். செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்சம்.

முன் டயரில் காற்று அதிகமானால் ரோட்டைத் தொடுகிற பரப்பு சுருங்கும். ஹேண்டில் லேசாகத் திரும்பும். ‘பஞ்சு மாதிரி’ என்று அவன் மயங்கியது அதில்தான். ஆனால் சிறு கல்லுக்கும் துள்ளும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். பின் டயரில் காற்று குறைந்தால் பக்கச் சுவர்கள் மடங்கும், வளைவில் வண்டி நெளியும். புஷ் போன வண்டியும் கிட்டத்தட்ட இப்படித்தான் நெளியும். ஆக, காற்று சரியில்லாமல் ஓட்டிப் பார்த்தால் நல்ல வண்டி கெட்ட வண்டியாகத் தெரியும், கெட்ட வண்டி நல்ல வண்டியாகத் தெரியும். முதலில் காற்று, அப்புறம்தான் ஓட்டம். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்தானே!

பங்குக்குப் போவதற்கு முன் வாசலிலேயே செய்கிற வேலைகள் உண்டு. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, முன்சக்கரம் தரையிலிருந்து எழும்ப வேண்டும். ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நேராக வரும் இடத்தில் ‘டொக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால், கோன் செட் தேய்ந்துவிட்டது. இந்த வண்டியில் நின்றது. லேசாகத்தான், ஆனால் நின்றது. அண்ணன் மகனின் விரலைப் பிடித்து நானே திருப்பிக் காட்டினேன். பிறகு ஃபோர்க்கின் அடிப்பகுதியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தோம். ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினோம், ஆட்டம் இல்லை. ஸ்போக்குகளைச் சாவியால் தட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் ‘தொப்’ என்றால் தளர்ந்திருக்கிறது. செயின் அட்ஜஸ்டர் குறிகள் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருந்தன.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. முன் டயர் புதிது. பின் டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது, ஆனால் வயது ஏழு. பக்கச் சுவரில் தலைமுடி போல வெடிப்புகள். தேயவில்லை என்பதற்காக டயர் இளமையாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ரப்பர் இறுகிப்போகும்.

விற்பவர் என் வண்டியை எடுத்துக்கொள்ள, அவருக்குப் பின்னால் நான். அவன் இந்த வண்டியில். ஹெல்மெட், இன்ஷூரன்ஸ் தேதி இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். காற்றை ஸ்டிக்கர்படி வைத்ததுமே வண்டி வேறு வண்டியாகிவிட்டது. பாலக்கரை ரவுண்டானாவைச் சுற்றிவந்தவன், “பின்னாடி நெளியவே இல்ல சித்தப்பா!” என்றான். புஷ் பயம் போனது. ஆனால், மெதுவாகப் போகும்போது வண்டி இடம், வலம் என்று குட்டிக் குட்டியாகத் திருத்திக்கொண்டே போவதை இப்போது அவனே கண்டுபிடித்தான். கோன் செட்டின் பள்ளம் அது. முன் டயர் கல் மாதிரி இருந்தபோது தெரியாதது, சரியான காற்றில் தெரிந்தது.

முதலில் நான்கு வழிச்சாலையில் சிறுவாச்சூர் வரை. ஆடிக் காற்று பக்கவாட்டில் அடித்தது. பஸ் ஒன்று தாண்டும்போது வண்டி சற்று நகர்ந்து, தானாக நிலைக்கு வந்தது, அதுதான் வேண்டும். 60-ல் போய் ஆக்சிலேட்டரை விட்டு, 40 வரை இறங்கும்போது ஹேண்டில் உதறுகிறதா என்று கவனிக்கச் சொன்னேன். கையை விட்டுப் பார்க்கிற வீரம் வேண்டாம், பிடியைத் தளர்த்தினாலே தெரியும். உதறல் இல்லை.

அப்புறம் திரும்பி அரியலூர் ரோடு. இந்த இரு ஊர்களும் ஒன்றாக இருந்து பிரிந்தவை. 2007 நவம்பரில்தான் அரியலூர் நிலையாகத் தனி மாவட்டமானது. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர். வண்டியைச் சோதிக்க இதைவிட நல்ல ரோடு கிடையாது என்பேன், ரோடு போட்டவர்கள் மன்னிக்கட்டும். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண். மழையில் ஊதி, கோடையில் வெடித்துச் சுருங்கும். மேலே போட்ட தாரும் அலை அலையாக ஏறி இறங்கும். அந்த அலையில் 50-ல் போனால் சஸ்பென்ஷன் ஒரு தடவை அமுங்கி எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் அப்சார்பர் களைத்துவிட்டது. தை, மாசியில் வந்தால் ரோட்டிலேயே மக்காச்சோளம் காயும். அப்போது இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம்.

அரியலூரை நெருங்க நெருங்க சுண்ணாம்புக்கல் லாரிகள். பத்துக் கோடி வருடங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் சிப்பிகளும் சங்குகளும் மண்டிய படிவுகள்தான் இன்றைய சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி. வாரணவாசியில் அந்தப் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. குழந்தைகளோடு வந்தால் இரண்டையும் விடாதீர்கள். எங்களுக்கு அன்று நேரம் இல்லை.

பாரம் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி, தாரில் சக்கரத் தடம் வாய்க்கால் மாதிரி பதிந்திருந்தது. அதற்குள் இறங்கி ஏறும்போது ஹேண்டிலை யாரோ இழுப்பது போல இருப்பதாக அவன் கவலைப்பட்டான். அதே இடத்தில் என் வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். அதுவும் இழுத்தது. குற்றம் ரோட்டுடையது. சந்தேகம் வரும் இடத்தில் பழகிய வண்டியை ஓட்டிப் பார்ப்பதைப் போல சுலபமான வழி இல்லை.

அரியலூரில் டீ. இறங்கியதும் கேஜ் வைத்தால் முன்னால் 28, பின்னால் 36. “ஏறிடுச்சே, கொஞ்சம் விட்டுடவா?” என்றான். கூடாது. சூட்டில் ஏறியது குளிர்ந்தால் இறங்கிவிடும். இப்போது விட்டால் காலையில் குறைந்திருக்கும். பின்னால் ஆள் ஏறும் கணக்குக்காக இன்னும் 4 சேர்த்துவிட்டு, திரும்பும்போது அவன் பின்னால் நான் உட்கார்ந்தேன். என் எடை 82 கிலோ. தனுஷ்கோடி போகிறவள் இதில் பாதிதான் இருப்பாள் என்பதால் சோதனை கொஞ்சம் கடுமையானதுதான். வளைவிலும் பிரேக்கிலும் வண்டி அடக்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் வண்டியை நேராகத் தள்ளிப் பார்த்தோம். முன்சக்கர ஈரத்தடத்தின் மேலேயே பின்சக்கரத் தடமும் விழுந்தது. எங்கேயும் மோதி சேஸிஸ் வளைந்திருந்தால் இரண்டும் விலகும்.

கோன் செட்டும் பின் டயரும் மாற்றியாக வேண்டும் என்பதைச் சண்டை போடாமல் காட்டினோம். ஹேண்டிலை அவரையே திருப்பச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. 9,000 ரூபாய் குறைத்தார். காற்று ஒரு ராத்திரி நிற்கட்டும் என்று சொல்லி அட்வான்ஸ் மட்டும் கொடுத்தோம். மறுநாள் காலை போனில் படம் அனுப்பினார்: முன்னால் அப்படியே, பின்னால் 3 குறைவு. வால்வில் கசிவு. டயரோடு டியூபையும் மாற்றிவிட்டார்கள்.

ஆவணி பிறந்ததும் படிவம் 29, 30-ல் கையெழுத்து. கடன் எதுவும் இல்லாததால் 35 தேவைப்படவில்லை. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறந்திருக்கும். அந்த வெள்ளிக்கிழமை அண்ணியும் மருமகளும் வந்திருந்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. “ஏறு, கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும் போயிட்டு வரலாம்” என்றான் மனைவியிடம். அவள் ஏறவில்லை. “காத்து பாத்தியா?” என்றாள். அவன் சட்டைப்பையிலிருந்து கேஜை எடுத்தான்.