அடுத்த வீட்டுக்காரன் மேல் பழி

புனேயில் பொட்டி தட்டும் எனக்குப் போன மாதம் கொஞ்சம் வில்லங்கமான ஆணி ஒன்று வந்தது.

புரோகிராம் செத்தால், எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்று ஸ்டாக்கைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்வது ஜிடிபி. எங்க ஆபீஸ் சிப்புக்காக மாற்றி வைத்திருந்த ஜிடிபி, தேனியிலிருந்து வந்த புதுப் பையனின் ஃபங்ஷனைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. மூணு நாளா அவனுக்கு அர்ச்சனை. "அண்ணே, அந்த ஃபங்ஷனை யாருமே கூப்பிடலைண்ணே" என்றான்.

உண்மைதான். ஒரு ஃபங்ஷனின் கடைசிக் கட்டளை அபார்ட்டைக் கூப்பிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அபார்ட் திரும்பாது. ஆனாலும் திரும்ப வேண்டிய முகவரி ஸ்டாக்கில் இருக்கும். அதுவோ அடுத்த ஃபங்ஷனின் முதல் பைட். அந்த அடுத்த வீட்டுக்காரன்தான் நம்ம பையன்! தப்பான ஃபங்ஷனின் விதிப்படி பிரித்ததால் சங்கிலியும் அறுந்துவிட்டது.

மூல ஜிடிபி, ஃபங்ஷனைத் தேடும்போது அந்த முகவரியில் ஒன்றைக் கழித்துக்கொள்ளும். எங்க மாற்றத்தில் அது விடுபட்டிருந்தது. சேர்த்தேன். எல்லா இடத்திலும் கழிக்கவும் கூடாது. சிக்னல் குறுக்கிட்ட இடத்தில் முகவரி உள்ளபடியே சரி. முதல் கட்டளையிலேயே சிக்னல் வந்திருந்தால், கழித்ததும் பழி முந்தின வீட்டுக்குப் போய்விடும்.

புது பேக்டிரேஸை மீட்டிங்கில் காட்டினேன். பையனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கலை. அர்ச்சனை நின்றது, அவ்வளவுதான்.

மக்களே, பேக்டிரேஸைப் பார்த்து யாரையாவது திட்டும் முன், அந்த ஃபங்ஷனுக்கு முந்தினதையும் ஒரு தரம் பார்த்துடுங்க.