கண்ணீர் மல்க ஒப்புக்கொண்டார்

போலீஸ் சொன்னால் போதும், நான் நம்பிவிடுவேன். நம்பியதோடு நின்றிருந்தால் அது என்னோடு போயிருக்கும். அச்சில் ஏற்றி ஊருக்கே படிக்கக் கொடுத்தேன். நீலகிரி மலையில் கீழ் கோத்தகிரியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தபோது செய்த காரியம் இது. இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க உரிமையுள்ளவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

என்னை இப்போது எழுத வைத்தது, கடல் தாண்டி எப்போதோ செத்துப்போன ஒரு தொடர் கொலைகாரன். பெயர் ராபர்ட் யூஜின் பிரேஷர்ஸ். 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் போலீசார் அவன் பெயரை அறிவித்தார்கள். 1991 டிசம்பர் 6 இரவு அந்த ஊரில் உறைதயிர் விற்கும் கடை ஒன்றில் நான்கு சிறுமிகளைக் கட்டிப்போட்டுச் சுட்டுக் கொன்று, கடைக்கும் தீ வைத்தவன் அவன்தான் என்றார்கள். மூத்த இருவருக்கு வயது 17, கடைசிப் பெண்ணுக்கு 13. தீயணைப்பு வண்டி பீய்ச்சிய தண்ணீரில் தடயங்களில் பெரும்பகுதி அழிந்திருந்தது. மிஞ்சியவற்றில் இரண்டு பேசின. ஒன்று, தரையின் சாக்கடைத் துளைக்குள் கிடந்த தோட்டா உறை. இன்னொன்று, அந்த 13 வயதுப் பெண்ணின் நகக்கண்ணில் இருந்த மரபணு. சாகும் நேரத்தில் அவனைப் பிறாண்டியிருக்கிறாள். 34 வருடம் கழித்து அவள் விரல்தான் சாட்சி சொன்னது.

ஆனால் தண்டிக்க ஆள் இல்லை. 1999 ஜனவரியில் மிசௌரி மாநிலத்தில் ஒரு விடுதியில் போலீஸ் சுற்றி வளைத்தபோது பிரேஷர்ஸ் தன்னையே சுட்டுக்கொண்டு, சில நாளில் செத்துப்போனான். 1990இல் தென் கரோலினாவில் ஒரு பெண்ணையும், 1998இல் மிசௌரியில் ஒரு தாயையும் மகளையும் கொன்றது அவன் என்பதே 2018இல்தான் தெரியவந்தது. அதை உறுதிசெய்யக் கல்லறையைத் தோண்ட வேண்டியிருந்தது. ஆஸ்டின் கொலைகள் நடந்த இரண்டாம் நாளே, திருட்டுக் காரோடும் கைத்துப்பாக்கியோடும் எல்லைக் காவலர்களிடம் அவன் மாட்டியிருக்கிறான் என்பதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

என்னை உட்காரவிடாமல் செய்தது அது அல்ல. 1999 அக்டோபரில், அதாவது கொலைகாரன் மண்ணுக்குள் போய் ஒன்பது மாதம் கழித்து, அதே வழக்கில் ஆஸ்டின் போலீசார் நான்கு இளைஞர்களைக் கைது செய்தார்கள். மணிக்கணக்கான விசாரணைக்குப் பிறகு இரண்டு பேர் 'நாங்கள்தான்' என்று சொல்லிவிட்டார்கள். பிறகு மறுத்தார்கள், யார் கேட்பது? ஒருவருக்கு மரண தண்டனை, மற்றவருக்கு ஆயுள். தகப்பனிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் இறங்கும் ஒய் குரோமோசோமை வைத்து 2008இல் சோதித்தபோது, கடையில் கிடைத்த மரபணு அந்த நால்வரில் ஒருவருடையதும் இல்லை. 2009இல் சிறைக்கதவு திறந்தது. ஆனாலும் 2025 வரை அவர்கள் நிரபராதிகள் என்று ஊர் முழு மனதோடு நம்பவில்லை. ஒப்புக்கொண்டவர்கள் அல்லவா!

இனி என் கதை. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர் வீட்டுப் பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்து இலை பறிக்கிற குடும்பங்கள் இருந்தன. அதில் ஒரு இளைஞரைப் பிடித்தார்கள். ஸ்டேஷன் ரைட்டர் போன் செய்தார். "அண்ணா, பையன் ஒத்துக்கிட்டான். போட்டோ அனுப்புறேன், நாளைக்கே வந்துடட்டும்." வந்துவிட்டது. 'போலீசாரின் கிடுக்கிப்பிடி விசாரணையில் வாலிபர் கண்ணீர் மல்கக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன். கண்ணீரை நான் பார்க்கவில்லை. ஆளையே பார்க்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அந்த ஸ்டேஷனில் யாருக்கும் இந்தி தெரியாது. எந்த மொழியில் ஒப்புக்கொண்டார் என்று கேட்க எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. தோன்றாமல் இருந்திருந்தால் அறியாமை என்று தப்பித்துக்கொள்ளலாம்.

ஏன் கேட்கவில்லை? பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் கிடையாது, அச்சாகிற செய்திக்குத்தான் காசு. ரைட்டர் முகம் சுளித்தால் அடுத்த செய்தி வேறு பத்திரிகைக்குப் போய்விடும். இது பாதிக் காரணம். மீதி, ஊர் எதை நம்ப விரும்பியதோ அதையே நானும் விரும்பினேன். 2017இல் கொலையும் கொள்ளையும் நடந்த கோடநாடு எஸ்டேட் எங்களுக்குப் பக்கம். அதற்குப் பிறகு இங்கே டீக்கடைக்கு ஒரு துப்பறிவாளர் உட்கார்ந்திருக்கிறார். 'வடக்கத்தியான் வந்த பிறகுதான் இதெல்லாம்' என்று அவர்கள் சொன்னபோது நான் தலையாட்டினேன்.

செய்தி வந்த வாரமே தோட்டத்தின் செக்ரோல் பதிவேட்டில் அவர் மனைவி பெயரையும் எடுத்துவிட்டார்கள். லயன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் ஜாமீனில் வந்து, வாய்தாவுக்கு வாய்தா அலைந்தார். நகை கடைசிவரை கிடைக்கவில்லை. உடைந்த பூட்டில் கைரேகை எடுத்தார்களா என்றுகூட நான் எழுதியதில்லை. வழக்கு நிற்கவில்லை, நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நான் அந்தச் செய்தியை அனுப்பவே இல்லை. 'இதையெல்லாம் போட மாட்டார்கள்' என்று ஆசிரியருக்குப் பதிலாக நானே முடிவெடுத்துக்கொண்டேன்.

சட்டம் எனக்குத் தெரியாதது அல்ல. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்று 1872ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அது 23ஆம் பிரிவு. வெள்ளைக்காரனே தன் போலீசை நம்பவில்லை, நான் நம்பினேன். மரபணுச் சோதனையும் நமக்குத் தூரத்து அதிசயம் இல்லை. ஹைதராபாத்தில் விஞ்ஞானி லால்ஜி சிங் உருவாக்கிய முறையை, தந்தை யார் என்ற ஒரு வழக்கில் வெகுகாலம் முன்பே தலைச்சேரி நீதிமன்றம் ஏற்றது. தலைச்சேரி இந்த மலைத்தொடருக்கு அந்தப் பக்கம்தான்.

பாடம் படிக்க வாய்ப்பும் வந்தது. 2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு பள்ளியில் 7 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது, பேருந்து நடத்துநர் கேமராவுக்கு முன்னாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டார். தூக்கில் போடணும் என்று டீக்கடையில் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். நவம்பரில் சிபிஐ அதே பள்ளி மாணவன் ஒருவனைப் பிடித்தது. நடத்துநரை அடுத்த பிப்ரவரியில் நீதிமன்றம் வழக்கிலிருந்தே விடுவித்தது. அன்றைக்கும் நான் என் பழைய செய்தியை நினைக்கவில்லை. நினைக்க, ஆஸ்டின் கொலைகாரன் செத்து 26 வருடம் ஆக வேண்டியிருந்தது.

அனுப்பாமல் விட்ட செய்தி இது: கீழ் கோத்தகிரியில் ஓய்வுபெற்ற டீமேக்கர் வீட்டில் நடந்த நகைத் திருட்டு வழக்கில் கைது செய்யப்பட்ட ஜார்க்கண்ட் தொழிலாளி, குற்றம் நிரூபிக்கப்படாததால் விடுதலை செய்யப்பட்டார். அவர் அழுது ஒப்புக்கொண்டதாக அப்போது வந்த செய்தியை எழுதியவர், அதை நேரில் பார்க்கவில்லை.