நூல் பிடித்த உயரம்

செங்குன்றத்தைத் தாண்டி, லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு கிளைச் சாலையில் இருக்கிறது அந்த யார்டு. தகரக் கொட்டகை, கலவை மிஷின், வைப்ரேட்டர் டேபிள்கள், பச்சை வலைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டிகள். நகரத்துப் பிளாட்பாரங்களுக்கு ஓரம் கட்டும் கெர்ப் கற்கள் இங்கே வார்க்கப்படுகின்றன. பக்கத்திலேயே பேவர் பிளாக்கும் போடுகிறார்கள். வாங்க வருகிறவர்கள் அதைத்தான் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் சிவப்பு, மஞ்சள் என்று நிறம் உண்டு, ஜிக்ஜாக் என்று வடிவம் உண்டு. சாம்பல் நிறத்தில் சுவரோரம் அடுக்கிக் கிடக்கும் கெர்ப் கல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

“பதிச்சப்புறம் பாதிதான் சார் வெளிய தெரியும். மீதிப் பாதி பூமிக்குள்ள நின்னு பாரம் தாங்கும்” என்றார் மேஸ்திரி. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். கொத்து வேலைக்குச் சென்னை வந்து, வார்ப்பு வேலைக்கு மாறியவர்.

அன்று அச்சில் இருந்த கல் 500 மி.மீ. நீளம், 300 மி.மீ. உயரம், 150 மி.மீ. கனம். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ என்று வைத்தால் கல் ஒன்றுக்கு 54 கிலோ வரும். சாலையைப் பார்த்த முகம் மேலே போகப் போக லேசாகப் பின்னால் சாய்கிறது. மேல் விளிம்பைக் கூர்மையாக விடாமல் மழுக்கியிருக்கிறார்கள். டயர் உரசினால் டயரும் கிழியக் கூடாது, கல்லும் பெயரக் கூடாது என்பதற்காக. முன்வார்ப்புக் கெர்ப் கல்லுக்கென்றே 1984ஆம் ஆண்டின் ஐ.எஸ். 5758 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. ஆனால் யார்டில் எல்லோர் வாயிலும் புழங்குவது ‘எம் இருபது’, ‘எம் இருபத்தஞ்சு’தான். எம்20 என்றால், 28 நாள் ஆன கான்கிரீட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். சோதனைக்கு வார்க்கும் கனசதுரம் 150 மி.மீ. பக்கம் கொண்டது. அந்தக் கட்டி உடையாமல் 450 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 46 டன், தாங்கினால்தான் தேறும்.

அந்த 46 டன்னுக்கான வேலை கலவை மிஷினின் வாயில் தொடங்குகிறது. அங்கே நின்ற அக்கா பாண்டு எண்ணிப் போடுகிறவர் இல்லை. 35 லிட்டர் கொள்ளும் பெட்டியால் அளந்து போடுகிறார். ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ, பெட்டிக் கணக்கில் சரியாக ஒரு பெட்டி. அதற்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. எம்20 வரைதான் இப்படி அளந்து கலக்க, கான்கிரீட்டுக்கான தர விதி ஐ.எஸ். 456 இடம் கொடுக்கிறது. அதற்கு மேல் போனால் விகிதத்தை ஆய்வகத்தில் வடிவமைத்து, எடை போட்டுத்தான் கலக்க வேண்டும்.

மணல் என்பது இப்போது எம்-சாண்ட். முந்தின நாள் மழை பெய்திருந்தது. அக்கா குவியலின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கினார், விரித்துப் பார்த்தார், பிறகு தண்ணீர் வாளியில் கொஞ்சத்தைக் கீழே கொட்டினார். மணலிலேயே ஈரம் இருக்கும்போது வழக்கமான அளவு தண்ணீர் விட்டால் கலவை நீர்த்துவிடும். சிமென்டின் எடையில் பாதி தண்ணீர் என்றால் மூட்டைக்கு 25 லிட்டர். அந்தக் கணக்கில் மணலின் ஈரமும் சேர்த்தி. கூடுதலாக விடும் தண்ணீர் கலவையை எளிதில் ஓட வைக்கும். பிறகு அது ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டை.

“தண்ணி ஊத்தினா நமக்குக் கை நோகாது தம்பி, கல்லுக்குத்தான் நோகும்” என்றார்.

அவர் உள்ளங்கை வெடித்திருந்தது. ஈர சிமென்ட் கடுங்காரம். ரப்பர் கையுறை கொடுக்கிறார்கள், ஆனால் ஒரு முறை உள்ளே கலவை புகுந்துவிட்டால் கையுறையே காரத்தைத் தோலோடு சேர்த்து அடைத்து வைக்கும். அதனால் கழற்றிவிட்டு வேலை செய்கிறார். ராத்திரி தேங்காய் எண்ணெய். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994இலேயே வந்துவிட்டது. அதன் அட்டை அவரிடம் இருக்கிறது. புதுப்பிக்க ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்.

ஹைட்ராலிக் மிஷினில் அழுத்தும் கல்லென்றால் கலவை புட்டு மாவுப் பதத்தில் இருக்கும், அச்சை உடனே கழற்றலாம். இங்கே ஈரக் கலவை. அச்சில் ஊற்றி, வைப்ரேட்டர் டேபிளில் வைக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். டேபிள் அதிரத் தொடங்கியதும் கலவையின் மேல் குமிழிகள் கிளம்பி உடைகின்றன. ஒருவர் கண் அந்தக் குமிழிகள் மீதே இருக்கிறது. அவை ஓய்ந்ததும் சுவிட்சை அணைத்துவிடுகிறார். முன்னாலேயே நிறுத்தினால் காற்று உள்ளே தங்கி, கல்லின் முகம் அம்மைத் தழும்பாகிவிடும். நிறுத்தத் தாமதித்தால் ஜல்லி அடியில் இறங்கி, மேலே வெறும் சிமென்ட் பால் நிற்கும். டயர் உரசும் மேல் விளிம்புதான் அப்போது வலுவிழந்து போகும். எத்தனை நொடி என்று கேட்டேன். அவர் சிரித்தபடி அச்சைக் காட்டினார். பதில் அதில்தான் இருக்கிறது என்பதுபோல.

மறுநாள் அச்சைக் கழற்றித் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் வார்த்த தேதி பெயின்ட்டில் இருக்கிறது. “இதுக்கு என்ன வயசு?” என்றுதான் இங்கே கல்லைப் பற்றிக் கேட்கிறார்கள். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரத்தில் வைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. வறண்ட வெப்பத்தில் அவை 10, 14 என்று கூடும். சென்னையின் சித்திரை வெயிலுக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் லாரி வாசலில் நிற்கும்போது வயது குறைந்த கல்லும் ஏறிவிடுவதுண்டு என்று மேஸ்திரி மறைக்காமல் சொன்னார். அப்படிப் போன கல்லை இறக்கும்போதே தெரிந்துவிடுமாம், முனை உதிரும். வெள்ளையும் கறுப்பும் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது.

கற்களுக்குப் பின்னாலேயே பதிக்கும் இடத்துக்கும் போனேன். வடசென்னையில் பேருந்து போகும் ஒரு தெரு. போக்குவரத்து குறைந்த பிறகு வேலை தொடங்குகிறது. சாலையோரம் பள்ளம் தோண்டி, அடியில் கான்கிரீட் படுகை போட்டிருந்தார்கள். இரண்டு இரும்புக் கம்பிகளை நட்டு அவற்றுக்கிடையே நூல் கட்டினார் கொத்தனார். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். மற்றவர்கள் கல்லைத் தூக்கக் காத்திருக்க, அவர் நூலையே இழுப்பதும் தளர்த்துவதுமாக நெடுநேரம் இருந்தார். ரசமட்டத்தை வைத்தார், டேப்பைச் சாலையில் ஊன்றி நூல் வரை அளந்தார். 150 மி.மீ.

பாதசாரி வசதிகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டித் தொகுப்பு, ஐ.ஆர்.சி. 103, பிளாட்பாரம் சாலையிலிருந்து இதற்கு மேல் உயரக் கூடாது என்கிறது. பொதுக் கட்டடங்களின் படிக்கட்டில் ஒரு படிக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அனுமதிக்கும் உச்சமும் இதே 150 தான். முட்டி தேய்ந்த ஒருவர் கைப்பிடி இல்லாமல் ஏறி இறங்கக்கூடிய உயரம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். மழைநீர் வடிகாலின் மூடியையே பிளாட்பாரமாக்கி இரண்டு படி உயரத்துக்கு ஏற்றிவிட்ட தெருக்களில் முதியவர்கள் சாலையிலேயே நடப்பதற்குக் காரணம் வேறு இல்லை. உயரம் மிகவும் குறைந்தாலோ பைக் ஏறிவிடும்.

நூலின் உயரம் தெரு நெடுகிலும் ஒன்றாக இருப்பதில்லை. தெருமுனையில் சக்கர நாற்காலி ஏற அது இறங்க வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் 150 மி.மீ. இறங்க 1.8 மீட்டர் நீளம் தேவை. அங்கே பார்வையற்றோர் காலால் உணரும் புள்ளி ஓடு வரும். ஜப்பானின் ஒகயாமாவில் 1967இல் முதன்முதலாகத் தெருவில் பதித்த ஓட்டின் வழிவந்தது அது. பிறகு வடிகாலுக்குள் தண்ணீர் விழும் வாய்கள். சாலையின் நடுவிலிருந்து இருபுறமும் சரிந்து வரும் மழைநீர் கெர்ப் கல்லை அணைத்தபடி ஓடி, அதில் விட்ட இடைவெளி வழியே வண்டல் தொட்டிக்குள் இறங்க வேண்டும். சென்னை தட்டையான ஊர். சரிவு விரல்கனம் தவறினாலும் தண்ணீர் வாய்க்குப் போகாமல் நடுவழியில் தேங்கும். பத்துப் பதினைந்து கல் முடிந்ததும் கொத்தனார் ஒரு பக்கெட் தண்ணீரைக் கல்லோரம் ஊற்றிவிட்டு, அதன் பின்னாலேயே நடந்து பார்த்தார். ஓரிடத்தில் அது தயங்கியது. பேச்சில்லாமல் மூன்று கல்லைப் பெயர்க்கச் சொன்னார்.

கல்லுக்குப் பின்னால் சாய்வாகக் கான்கிரீட் அணைப்பு போடுகிறார்கள். தண்ணீர் லாரியின் சக்கரம் மோதும்போது கல் பின்னால் சாயாமல் காப்பது அதுதான். வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத பகுதி என்பதால் மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் முதலில் கை வைப்பதும் அதில்தான். இந்தக் கொத்தனார் அதைத் தானே பூசினார், உதவியாளிடம் விடவில்லை.

விடியும் நேரத்தில் ஒரு வீட்டுக்காரர் வந்தார். கேட்டுக்கு எதிரே மட்டும் கல்லைத் தாழ்த்தித் தரும்படி கேட்டார், அல்லது தானே சாலையில் ஒரு சரிவு போட்டுக்கொள்வதாகச் சொன்னார். கொத்தனார் வாய் திறந்தது அப்போதுதான். “கல்லைத் தாழ்த்தித் தர்றேன் அய்யா, அதுக்கு பிளான்ல எடம் இருக்கு. ரோட்டு மேல நீங்க சிமென்ட் கொட்டினா, மழையில மேல் வீட்டுத் தண்ணி பூரா உங்க வாசல்லதான் நிக்கும்.”

2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் அகன்ற நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. நடப்பவருக்குச் சாலையில் பங்கு உண்டு என்ற பேச்சு காகிதத்தில் வலுவாகவே இருக்கிறது. அந்தப் பங்கின் எல்லைக் கல்தான் கெர்ப். ஆனால் அடுத்த தெருவில் கொத்தனார் எனக்குக் காட்டியது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் அவரே பதித்த வரிசை. உடையவில்லை, சாயவில்லை, இணைப்புச் சாந்துகூட உதிரவில்லை. உயரம் மட்டும் இரண்டு விரல்கட்டை. கல்லை ஒட்டி பைக்குகள் பிளாட்பாரத்தில் ஏறி நின்றன.

“கல்லு இறங்கலை சார், ரோடுதான் ஏறிடுச்சு.”

கணக்கு சுலபம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே 40 மி.மீ. புதிய அடுக்கு போட்டால், மூன்று முறையில் 120 மி.மீ. போய்விடும். மிச்சம் 30. பிறகு கெர்ப் புதைந்துவிட்டது என்று புதிய கல்லுக்கு டெண்டர், அதையொட்டி பிளாட்பாரம் உயரும், வீட்டு வாசல்கள் பள்ளமாகும். பழைய பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டும் இயந்திரம் வந்த தெருக்களில் கல் தன் உயரத்தோடு நிற்கிறது. வராத தெருக்களை நடந்து போகும் யாரும் கண்டுகொள்ளலாம்.

யார்டிலும் தெருவிலும் நான் பார்த்த சோதனைகள் எல்லாம் கல்லுக்கானவை. கட்டியை உடைத்துப் பார்க்கிறோம், நாள் எண்ணுகிறோம், பில்லுக்காக ஓடும் மீட்டரில் நீளம் அளக்கிறோம். ஆனால் 150 என்ற எண் கல்லுக்குள் இல்லை. கல்லுக்கும் சாலைக்கும் இடையில் இருக்கிறது. கல் போடுகிறவர் ஒரு ஒப்பந்தக்காரர், தார் போடுகிறவர் வேறொருவர். முதலாமவருக்கு அந்த எண் விதி. இரண்டாமவர் வேலை முடித்துப் போகும்போது அதை யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். தார்ச்சாலைக்கான அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் எழுதும் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போடலாம், வேலைக்கு முன் கெர்ப் உயரம் எவ்வளவு, வேலைக்குப் பின் எவ்வளவு என்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் பில். அதை அளக்கத் தேவையான டேப்பும் நூலும் கொத்தனாரின் பையில் ஏற்கெனவே இருக்கின்றன.