கிதாருக்குக் கீழே ஒரு பெட்டி

கிதாரின் ஆறாவது தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் 'ஈ' சுரத்துக்கு நொடிக்குச் சுமார் 82 அதிர்வுகள், அதாவது 82 ஹெர்ட்ஸ். வழக்கமாகச் சுதி சேர்த்த ஆறு தந்திக் கிதாரின் அடிமட்டம் அதுதான். கிதார் ஆம்புகளில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர்களும் இதற்கேற்பவே உருவானவை. செலஸ்டியன் கிரீன்பேக் போன்றவை 75 ஹெர்ட்ஸ் வரை தாங்கும், அதற்குக் கீழே ஓசை மளமளவென்று மெலிந்துவிடும். தாழ்ந்த ஓசைக்கென்றே செய்த ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபருக்கோ பெரும்பாலும் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வேலை. கிதார் முடிகிற இடத்தில் அது தொடங்குகிறது. பிறகு எதற்காகக் கிதார் வாசிப்பவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்?

கொல்கத்தாவில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. கிதாரை இவ்வளவு உரிமையோடு தனதாக்கிக்கொண்ட நகரம் இந்தியாவில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1940களில் ஹவாய் இசைக் கலைஞர் டாவ் மோ குடும்பத்துடன் இங்கே தங்கி வாசித்தார். அதன்பின் ஹவாயன் கிதார் வங்காள வீட்டு முன்னறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சுனில் கங்குலி சினிமாப் பாட்டுகளை மின் ஹவாயன் கிதாரில் வாசித்த இசைத்தட்டுகள் தமிழ்நாடு வரை வந்தன. தேபாஷிஷ் பட்டாசார்யா அதே வகைக் கருவியைக் கச்சேரி மேடையில் ராகம் பேச வைத்தார். 1970களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாயின் 'மொஹினேர் கோடாகுலி' குழு வங்காள ராக்குக்கு வழி திறந்தது. பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களின் ஜாஸ் மேடைகளை கார்ல்டன் கிட்டோ தன் கிதாரால் ஒளிர வைத்தார். இவர்களில் யாருடைய பெருமையும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இல்லை. கிதாரின் குரல் நடுப்பகுதியில்தான் வாழ்கிறது. மனிதக் குரலும் அங்கேதான் இருக்கிறது.

லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய வீட்டின் மாடியில் வாசிக்கும் நான், இருந்தும் ஒரு பவர்டு சப்வூஃபரை வைத்திருக்கிறேன். ஆம்ப் உள்ளேயே பொருத்தப்பட்ட பெட்டி அது. காரணம், கிதார் இன்று வெறும் கிதாராக மட்டும் இல்லை. ஆக்டேவ் பெடலை மிதித்தால் 82 ஹெர்ட்ஸ் 41 ஆகிறது. அது பேஸ் கிதாரின் அடித்தந்தி. ஏழு தந்திக் கிதாரின் கடைசித் தந்தி 62 ஹெர்ட்ஸைத் தொடும், எட்டுத் தந்தியில் 46. தனியாளாக, வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர் வைத்துக்கொண்டு, கிதார் உடலைத் தட்டித் தாளமும் அடித்தந்தியில் பேஸும் அடுக்கி, அவற்றின் மேல் மெட்டை வாசிப்பவருக்கு இந்த ஆழம் உண்மையாகவே தேவை. 12 அங்குல கிதார் ஸ்பீக்கரிடம் அதைக் கேட்டால் அது திணறும், கிழிந்த குரலில் புலம்பும்.

இணைப்பில் கவனம் வேண்டும். ஆம்பின் ஸ்பீக்கர் வெளியீட்டை எடுத்து சப்வூஃபரின் லைன் உள்ளீட்டில் ஒருபோதும் செருகக் கூடாது. அந்த மின்னழுத்தத்துக்கு அந்த உள்ளீடு படைக்கப்படவில்லை. வால்வ் ஆம்பாக இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் ஆபத்து, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். லைன் அவுட் அல்லது எஃபெக்ட்ஸ் லூப்பின் செண்ட்தான் பாதுகாப்பான வழி. டிஜிட்டல் மாடலர் வைத்திருப்பவருக்கு இன்னும் சுலபம்: மாடலரிலிருந்து நேராக சப்வூஃபர், அதன் கிராஸ்ஓவர் வடிகட்டி அனுப்பும் மீதி ஓசை மேலே உள்ள ஸ்பீக்கர்களுக்கு.

கம்பி கோப்பது சுலபம்தான். அறை அப்படியல்ல. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். என் அறையின் நீளமோ நான்கு மீட்டருக்குச் சற்றே அதிகம். சரியாகப் பாதி அலை இரு சுவர்களுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. விளைவை வாசித்துப் பார்த்தால்தான் நம்ப முடியும்: சுவரோரம் அந்தச் சுரம் முழங்குகிறது, அறையின் நட்டநடுவில் நின்றால் காணாமலே போகிறது. பக்கத்துச் சுரங்களுக்கு இந்தக் கதி இல்லை. இதற்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. வாசிக்க உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, அடிச்சுரங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, சுவர் ஓரமாகவே நடந்து காது கொடுக்க வேண்டும். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடம் எதுவோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு, நாம் நம் இடத்துக்குத் திரும்பலாம். பிறகு பின்புறமுள்ள ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்து, எதில் பேஸ் திடமாக இருக்கிறதோ அதில் விட வேண்டும். இவ்வளவும் செய்யாமல் ஒலியளவை மட்டும் ஏற்றுபவர்கள் சப்வூஃபரைக் குறை சொல்வது நியாயமில்லை.

கீழ்த்தளத்து மாஷிமாவிடம் (பெரியம்மா என்பதற்கு வங்காளச் சொல்) ஒரு மாலை, "சத்தம் ரொம்ப இருக்கா மாஷிமா?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாட்டு ஒண்ணும் கேக்கலை பாபா. அலமாரில பாத்திரம்தான் நடுங்குது."

ஒலியியல் பாடம் முழுதும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடக்கம். தடித்த செங்கல் சுவர் மெட்டைத் தடுத்துவிடும், தாழ்ந்த ஓசையை அதனால் முழுமையாக நிறுத்த முடியாது. நம் சட்டத்தின் அளவுகோலுக்கும் இதே பலவீனம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. ஆனால் அது 'ஏ' எடையிட்ட டெசிபல். அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் ஓசையிலிருந்து ஏறத்தாழ 30 டெசிபல் கழிக்கப்பட்டுவிடுகிறது. பூஜை விசர்ஜன ஊர்வலத்தில் லாரி மேல் அடுக்கிய பாக்ஸ்கள் ஜன்னலை உலுக்கும்போது நெஞ்சு உணர்வதை மீட்டர் முழுதாகச் சொல்வதில்லை.

இந்த நகரம் இதைப் பற்றி முன்பே சிந்தித்திருக்கிறது. விருப்பமில்லாதவரைக் கேட்க வைக்கும் உரிமை ஒலிபெருக்கி வைத்திருப்பவருக்கு இல்லை என்று 1996இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி தீர்ப்பளித்தார். நாட்டில் ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டுக்கு அது முன்னோடி. 2000இல் சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே திசையில் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் பேசப்பட்ட கருவிகளில் டிரம்ஸோடு கிதாரும் இருந்தது.

மேடைக்கு வந்தால் வேறொரு கேள்வி. குழுவில் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை உள்ள இடம் கிக் டிரம்முக்கும் பேஸ் கிதாருக்கும் உரியது. அனுபவமுள்ள ஒலிப் பொறியாளர்கள் பலரும் கிதாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டியே விடுவார்கள், அங்கே சப்வூஃபரைத் திறந்துவிட்டால் மூன்றும் கலந்து சேறாகிவிடும் என்பதால். பேஸுக்கென்று தனி இடம் வேண்டும் என்பதைத் தமிழ்க் காதுக்கு விளக்கத் தேவையில்லை. சலீல் சௌத்ரி போன்றவர்களுக்குக் கிதார் வாசித்துவிட்டு இசையமைக்க வந்த இளையராஜாவின் பாட்டுகளில், பேஸ் இன்னொரு மெட்டாக நடப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாடகர் நிறுத்தும் இடத்தில் அது பேசும், சுரம் மாறப்போவதை முன்கூட்டியே சொல்லும். சப்வூஃபரால் நான் வாசித்ததைக் கனமாக்க முடியும். நான் வாசிப்பதற்குப் பதில் சொல்ல, எதிர்த்துப் போக, சில சமயம் வாயை மூடிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும்.

தனியாக, லூப்பரோடோ ஆக்டேவோடோ வாசிப்பவர் தாராளமாக வாங்கலாம். கிராஸ்ஓவரை 80இல் வையுங்கள். நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, கீழ் வீட்டில் போய் நின்று ஒருமுறை கேளுங்கள். இரவு பத்துக்குப் பெட்டியை அணைத்துவிடுங்கள். குழுவில் வாசிப்பவராக இருந்தால், கொல்கத்தா சாந்தினி சௌக் கடைகளில் விலை விசாரிக்கும் முன் உங்கள் பேஸ் வாசிப்பவரிடம் நல்ல ஆம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை அதற்குக் கொடுங்கள்.