போகும்போது இருபது கை, வரும்போது நாலு கை!

திருவிழாக் கச்சேரி எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று கேட்டால், நோட்டீஸைப் பார்த்து "இரவு எட்டு மணி"ன்னு சொல்வீர்கள். தப்பு சார். சாயங்காலம் நாலு மணிக்கு வேனின் பின்கதவு 'கிரீச்' என்று திறக்கும் பாருங்கள், அதுதான் முதல் அயிட்டம். கடைசி அயிட்டம் மங்களப் பாட்டு இல்லை. ராத்திரி ஒரு மணிக்கோ ரெண்டு மணிக்கோ அதே கதவு 'டமார்' என்று சாத்தப்படுவது. இந்த இரண்டு அயிட்டத்துக்கும் கைதட்டல் கிடையாது. ஏனென்றால் இரண்டுமே பாட்டு இல்லை, பாரம்.

பாரம் தூக்குகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் போக வேண்டும். இரண்டும் பழைய திருச்சி மாவட்டத்துப் பிள்ளைகள். 1995-ல் பெரம்பலூர் தனிக்குடித்தனம் போனது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் "சேர்ந்தே இருங்கப்பா" என்று ஒட்டவைத்தார்கள். 2007-ல் மறுபடி பாகப்பிரிவினை. கூட்டுக்குடும்பக் கதை எழுத இதைவிட நல்ல மாவட்டங்கள் கிடைக்காது.

இரண்டுமே கனத்துக்குப் பேர்போன ஊர்கள். சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம், பன்னிரண்டு கோடி வருஷ வயசு என்கிறார்கள். அரியலூர் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல், அந்தக் கல்லில் ஒரு காலத்துக் கடல் சிப்பி. அந்தக் கல்தான் சிமெண்ட் ஆகி, மூட்டைக்கு ஐம்பது கிலோவாக ஊர் ஊராகப் போகிறது. கங்கை வரை படையனுப்பி அங்கிருந்து தண்ணீரைச் சுமந்து வரச் செய்த ராஜேந்திர சோழன் ஊர் கட்டியதும் இங்கேதான். கங்கைகொண்ட சோழபுரம் என்ற பெயரே ஒரு லக்கேஜ் விவகாரம்!

ஆயிரம் வருஷமாக எதையாவது தூக்கிக்கொண்டே இருக்கிற இந்த மண்ணில்தான் மெல்லிசைக் குழுவின் கிடார்காரர் தன் ஆம்ப்ளிஃபயரோடு வந்து இறங்குகிறார்.

★ ★ ★

கிடார் ஒன்றும் கனமில்லை. மூணு நாலு கிலோ. தோளில் மாட்டினால் ஸ்டைலாகக்கூட இருக்கும். ஆனால் எலெக்ட்ரிக் கிடாருக்குத் தனியாகக் குரல் கிடையாது. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் கொசு முணுமுணுக்கிற மாதிரி இருக்கும். அதற்குக் குரல் கொடுக்கிற பெட்டிதான் வில்லன்.

உலகம் பூரா இந்தக் கதைதான். கிடார் உலகத்தில் பேர்போன ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் சுமார் 29 கிலோ. 1975-ல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 28 கிலோ. பேஸ் கிடாருக்கென்று 1969-ல் ஆம்பெக் கம்பெனி ஒன்று செய்தது. முந்நூறு வாட். அதன் தலைப்பகுதி மட்டும் 36 கிலோவுக்கு மேல். எட்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டி தனி, அது 60 கிலோவைத் தாண்டும். சிமெண்ட் மூட்டையே பரவாயில்லை!

ஏன் இப்படி? மூன்று குற்றவாளிகள். முதலாமவர் டிரான்ஸ்ஃபார்மர். இரும்புத் தகடு அடுக்கி, செம்புக் கம்பி சுற்றிய செங்கல். வால்வு ஆம்ப் என்றால் இதில் இரண்டு செங்கல். இரண்டாமவர் ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தம். மூன்றாமவர் மரப்பெட்டி. மெல்லிய பலகையில் செய்தால் ஸ்பீக்கர் அதிரும்போது பெட்டியும் சேர்ந்து அதிரும். அதனால் தடித்த ப்ளைவுட். நம்ம பக்கம் பல குழுக்கள் வைத்திருப்பது கம்பெனி சரக்குகூட இல்லை. ரிச்சி தெருவில் சாமான் வாங்கி, உள்ளூர் ரேடியோ மெக்கானிக் பூட்டி, தச்சு ஆசாரி பெட்டி அடித்துக் கொடுத்தது. ஆசாரி கல்யாணக் கட்டில் செய்கிற அதே அக்கறையோடு செய்திருப்பார். கனம் எந்தக் காட்டலாக்கிலும் இருக்காது. தூக்கினவன் இடுப்புக்குத்தான் தெரியும்.

வாட் கணக்கிலும் ஒரு வஞ்சகம் உண்டு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு மடங்கு வாட் போதாது. ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். 1965-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு முன்னால் பீட்டில்ஸ் வாசித்தார்கள். அதற்கென்றே நூறு வாட் ஆம்ப் செய்து கொடுத்தது வாக்ஸ் கம்பெனி. ரசிகர்கள் போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கே அந்த கதி என்றால், பக்கத்துத் தெருவில் குழாய் ஸ்பீக்கர் அலறும்போது நம்ம கிடார்காரர் பெரிய பெட்டிதான் கேட்பார். பாவம், வேறு வழி?

★ ★ ★

திருச்சியிலிருந்து பெரம்பலூர் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். வழியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு வண்டிக்குள்ளிருந்தே ஒரு கும்பிடு. (திங்களும் வெள்ளியும்தான் நடை திறந்திருக்கும். மற்ற நாளில் அம்மனுக்கு லீவு. நமக்குத்தான் கிடையாது.) பெரம்பலூருக்கு ரயில் இல்லை. அரியலூருக்கு உண்டு. ஆனால் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கிற ஒன்றிரண்டு நிமிஷத்தில் இரண்டு ஆம்ப், ஒரு டிரம் செட், நாலு மைக் ஸ்டாண்டு, ஒரு பாடகி எல்லாவற்றையும் இறக்குவது மந்திரவாதிக்கே சிரமம். பஸ் என்றால் கண்டக்டர் பெட்டியைப் பார்ப்பார், நம்மைப் பார்ப்பார், "என்னா சார், பீரோவா?" என்பார். ஆக, வேன்தான் கதி.

வேனில் சாமான் ஏற்றுவது ஒரு தனிக் கலை. பி.காம். படித்தவர்களுக்கு உடனே புரியும். சரக்கு மதிப்பீட்டில் 'லிஃபோ' என்று ஒன்று படித்தோமே, கடைசியில் வந்தது முதலில் வெளியே! பரீட்சையோடு மறந்துபோன அந்த முறை உயிரோடு இருப்பது வேனில்தான். கனமான பெட்டிகள் முதலில் ஏறி, டிரைவர் சீட்டின் முதுகை ஒட்டி உட்கார வேண்டும். பின்னால் வைத்தால் மேட்டில் ஏறும்போது வண்டி மூக்கைத் தூக்கும். ஸ்பீக்கர் முகம் எதிலும் இடிக்கக் கூடாது. நடுவில் பழைய மெத்தை, சாக்கு. அதற்கு மேல் டிரம். ஒயர் பெட்டி கடைசியில் ஏற வேண்டும், ஏனென்றால் மேடையில் முதலில் கேட்பது அதைத்தான். ஒயர் பெட்டியை அடியில் போட்டுவிட்டால் வேன் பூராவையும் நடுரோட்டில் இறக்க வேண்டி வரும்.

பெரம்பலூர் பாலக்கரை தாண்டி அரியலூர் ரோட்டில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பேரளி வழியாகப் போகிற ரோடு. எதிரே வரிசையாக லாரிகள். ஊருக்கு ஊர் ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொரு குதிப்புக்கும் உள்ளே வால்வு ஆம்ப் வைத்திருப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். வால்வுக்குள் இருப்பது பொடிப்பொடியான கம்பிகள். சூடாக இருக்கும்போது குலுங்கினால் இன்னும் ஆபத்து. அதனால்தான் கச்சேரி முடிந்ததும் அனுபவசாலிகள் உடனே பெட்டியைத் தொட மாட்டார்கள். "கொஞ்சம் ஆறட்டும்" என்பார்கள். பார்ப்பவர்களுக்கு டீயைச் சொல்கிற மாதிரி இருக்கும்.

★ ★ ★

வேன் எவ்வளவு தூரம் போனாலும் மேடை வரை போகாது. இது விதி. தேர் நிற்கும், பந்தல் மறிக்கும், பலூன்காரர் நடுவில் இருப்பார். கடைசி நூறு மீட்டர் நடைதான்.

ஆனால் சாயங்காலம் கவலையே இல்லை. வேன் நின்றதும் ஊரே ஓடி வரும். "ஆர்கெஸ்ட்ரா வந்திருச்சுடோய்!" இருபது கை நீளும். டவுசர் போட்ட பொடிசுகளுக்கு மைக் ஸ்டாண்டு. இளவட்டங்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி. கிடாரைத் தூக்கத்தான் சண்டையே. ஒருமுறை குன்னம் பக்கத்தில் ஒரு கிராமம். நண்பரின் ஆம்பை நாங்கள் இரண்டு பேர் முக்கி முனகி நகர்த்திக்கொண்டிருந்தோம். சின்ன வெங்காய மூட்டை ஏற்றி இறக்குகிற லோடுமேன் ஒருவர் வந்தார். "தள்ளுங்க தம்பி" என்று துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார். "தலைக்கு மட்டும் ஏத்தி உடுங்க." அவ்வளவுதான். ஒற்றை ஆளாகக் கூட்டத்துக்குள் அம்மன் கரகம் போகிற மாதிரி போய்விட்டது பெட்டி.

மேடையில் இறக்கிவிட்டு அவர் சொன்னார்: "மூட்டைன்னா அணைஞ்சு குடுக்கும் தம்பி. இது குடுக்க மாட்டேங்குது. ஒரு பக்கமா இழுக்குது."

என்ன ஒரு கண்டுபிடிப்பு! ஆம்பின் கனம் நடுவில் இருக்காது. டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மூலையில், காந்தம் ஒரு பக்கத்தில். கைப்பிடி மட்டும் நடுவில். கனமான பக்கத்தை உடம்போடு ஒட்டி, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். குனிந்தபடி திரும்பினீர்களோ, இடுப்பு 'களுக்'. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1991-ல் ஒரு கணக்குப் போட்டது. எல்லாம் வசதியாக அமைந்தால்கூட ஒருவர் தூக்கும் சுமைக்கு 23 கிலோதான் உச்ச வரம்பு என்று. ராத்திரி ரெண்டு மணிக்கு, சேற்றில், பசியோடு தூக்குவதற்கு எத்தனை கிலோ கழிக்க வேண்டுமோ?

★ ★ ★

அந்த ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வருகிறேன்.

கடைசிப் பாட்டு முடிகிறது. ஜனம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுகிறது. பத்தே நிமிஷத்தில் மைதானம் காலி. கடலைத் தோல், ஐஸ் குச்சி, இரண்டு நாய். சாயங்காலம் கிடாருக்குச் சண்டை போட்டவர்களில் ஒருவரையும் காணோம். டியூப் லைட்டைக்கூடக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பாடகர்கள் தொண்டையைக் காப்பாற்ற வேண்டும். டிரைவர் தூங்க வேண்டும். விழாக் கமிட்டியில் பாக்கிப் பணம் தர வேண்டியவரை நாலு பேர் தேடிக்கொண்டிருப்பார்கள். மிச்சம் நாலு கை. கிடார்காரருடைய இரண்டு, மைக் செட் பையனுடைய இரண்டு. போகும்போது 29 கிலோ இருந்த பெட்டி இப்போதும் 29 கிலோதான். ஆனால் தராசுக்கு என்ன தெரியும்?

இதே கிடார்காரர் நாலு மணி நேரம் நின்றுகொண்டே வாசித்த அதே விரல்களால்தான் கைப்பிடியைப் பிடிக்கிறார். நசுங்கினால் அடுத்த மாசக் கச்சேரி எல்லாம் போச்சு. கணக்குப் புத்தகத்தில் வேன் வாடகை உண்டு, டீசல் உண்டு, டிபன் உண்டு. ஆம்புக்குத் தேய்மானம் கழிக்கக்கூட வழியுண்டு. இடுப்பின் தேய்மானத்தை எழுத நான் படித்த எந்த லெட்ஜரிலும் பத்தி இல்லை.

அதற்குப் பிறகுதான் இன்னும் பயங்கரம். மூணு மணிக்கு ஹைவேஸில் ஏறும் வேன். பின்னால் எல்லோரும் பெட்டிகளுக்கு நடுவில் தூக்கம். கட்டாத பெட்டி ஒன்று, சடன் பிரேக் போட்டால் முன்னால் பறக்கும். டிரைவர் கண்ணைக் கசக்குகிறார். நல்ல குழுவில் ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரோடு பேசிக்கொண்டே வருவதுதான் வேலை. என்னைக் கேட்டால் அந்த ராத்திரியின் முக்கியமான கலைஞர் அவர்தான்.

★ ★ ★

இப்போது காலம் மாறிவிட்டது, சந்தோஷம்தான். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம்ம ஜனங்கள் உடனே 'குட்டி யானை' என்று பேர் வைத்து, பெரிய வேன் நுழையாத சந்தில் எல்லாம் நுழைத்துவிட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் செங்கல் இருந்த இடத்தில் உள்ளங்கையகல சர்க்யூட். ஸ்பீக்கரில் லேசான நியோடிமியம் காந்தம். 1998-ல் லைன் 6 கம்பெனி 'பாட்' என்று அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு டப்பா விட்டது. பெரிய பெரிய ஆம்ப்களின் சத்தத்தை எல்லாம் அதுவே போலியாகக் கொடுக்கும். அதற்கப்புறம் பலரும் ஆம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, டப்பாவிலிருந்து ஒயரை நேராக மிக்ஸரில் சொருகுகிறார்கள். ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் விதி வந்தது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. விழா நாட்களில் அனுமதி வாங்கினால் பன்னிரண்டு வரை. கடைப்பிடிக்கிற ஊரில் குழு சீக்கிரம் கிளம்புகிறது. இடுப்புக்கு இதைவிட நல்ல தீர்ப்பு இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கனம் குறைந்ததோடு தலைகளும் குறைந்தன. பதினைந்து பேர் வந்த மேடையில் ஒரு லேப்டாப், ஒரு கீபோர்டு, இரண்டு பாடகர்கள். கிடார் சத்தம் டிராக்கில் வந்துவிடுகிறது, கிடார்காரர் வருவதில்லை. பெட்டியைத் தூக்க ஆள் வேண்டாம் என்று ஆனபோது, பெட்டியோடு வந்த ஆளும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இன்னும் சில குழுக்கள் பிடிவாதமாக நிஜ வாத்தியம், நிஜப் பெட்டி என்று அலைகின்றன. அவர்கள் வாசிக்கும்போது பேஸ் கிடார் நெஞ்சுக்கூட்டில் வந்து தட்டும் பாருங்கள், அது லேப்டாப்பிலிருந்து அவ்வளவு லேசில் வராது.

அதனால் ஆபீஸ் நண்பர்களே, அடுத்த லீவில் ஊர்த் திருவிழாவுக்குப் போகிறீர்கள் அல்லவா? கல்லங்குறிச்சித் தேரோ, ஏலாக்குறிச்சி மாதா கோயிலோ, உங்கள் தெருப் பிள்ளையாரோ, எதுவானாலும் சரி. சாயங்காலம் வேன் வரும்போது நீங்கள் ஓட வேண்டாம். அதற்கு ஊரே இருக்கிறது. கச்சேரி முடிந்ததும் ஒரு அரைமணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போங்கள். மேடைப் பக்கம் போய், "அண்ணே, இதை எங்க வைக்கணும்?" என்று கேளுங்கள். சொல்கிற இடத்தில் பிடியுங்கள். கனமான பக்கம் உங்கள் உடம்பை ஒட்டி இருக்கட்டும். விரல் ஜாக்கிரதை.

கிளம்பும்போது டிரைவருக்கு மட்டும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஸ்ட்ராங்காக.