பூசுவதற்கு முன் சுவரின் அடியைப் பாருங்கள்

திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வழியாகக் கரூர் போகிற சாலையில் இருக்கிறது குஜிலியம்பாறை. பக்கத்துக் கரிக்காலியில் செட்டிநாடு சிமெண்ட் ஆலை, அதைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சிமெண்டுக்குப் பஞ்சமில்லாத அந்த ஊரில், ஒரு செங்கல் கார் ஷெட்டின் உள்சுவரை எதைக்கொண்டு மூடுவது என்று வீட்டுக்காரரும் மேஸ்திரியும் முடிவுக்கு வராமல் இருந்தார்கள். ஒரு தடவை நேரில் வந்து பார்க்கச் சொன்னார்கள்; போனேன்.

இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், பத்தடி உயரம். நாலரை இஞ்சு சுவர், இடையிடையே செங்கல் தூண், மேலே தகர ஷீட், முன்பக்கம் ஷட்டர். கட்டிப் பல வருஷமாகியும் பூசவில்லை. உள்ளே ஒரு கார், ஒரு பழைய பைக், மகள் வேலைக்குப் போகிற பேட்டரி ஸ்கூட்டர். சுவரோரமாக அதன் சார்ஜர் ஒயர் தொங்கியது.

வீட்டுக்காரருக்குப் பலகை ஆசை. சுவரில் மரச்சட்டம் அடித்து, நடுவில் தெர்மாகோல் வைத்து, மேலே பி.வி.சி. பலகை ஒட்டினால் வெயிலும் தணியும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்றார். மேஸ்திரி தலையை ஆட்டவில்லை. "செங்கல் சுவருக்குப் பூச்சுதானுங்க. பலகை எதுக்குங்க?" என்றார்.

இருவருக்கும் பதில் சொல்லாமல் மேற்குச் சுவர் ஓரம் உட்கார்ந்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை செங்கல்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், செங்கல் சிவப்பு மாவாகக் கொட்டியது. இரண்டு வரிசைக்கு நடுவிலிருந்த சாந்து விரலோடு வந்தது. எழுந்து, தலை உயரத்தில் அதே சுவரைக் கரண்டிப் பிடியால் தட்டினால் கணீரென்று சத்தம். ஒரே சூளைச் செங்கல், ஒரே நாளில் கட்டிய சுவர். மேலே உறுதி, கீழே புழுதி.

காரணம் வெளியே இருந்தது. ரோடு போடப் போட உயர்ந்து, அதற்கு ஈடாக வாசலில் மண் கொட்டியதில், வெளித்தரை உள்தரையைவிட ஒரு சாண் மேலே வந்துவிட்டது. தகர ஷீட்டின் விளிம்பில் மழைத் தண்ணீரைப் பிடிக்க எதுவும் இல்லை; கொட்டிய இடத்தில் சுவரை ஒட்டியே நீளமாகக் குழி விழுந்திருக்கிறது. வண்டி கழுவுகிற தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

"பேஸ்மட்டத்து மேல பெல்ட் போட்டீங்களா?"

"வீட்டுக்குப் போட்டோமுங்க. ஷெட்டுதானேன்னு இதுக்கு விட்டுட்டோம்."

செங்கல் தண்ணீர் குடிக்கும் பொருள். ஒரு நாள் முழுக்க ஊறினால் தன் எடையில் 20 சதவீதம் வரை குடிக்கலாம் என்று இந்தியத் தர விதியே சாதாரணச் செங்கலுக்கு இடம் கொடுத்திருக்கிறது. பெல்ட் என்கிற தடுப்பு இல்லாத சுவரில் மண்ணின் ஈரம் மேலே ஏறும்; அதைத்தான் ஓதம் என்கிறோம். மண்ணிலுள்ள உப்பும் கூடவே கரைந்து ஏறும். சுவர் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு படிகமாகி வீங்கும்போது செங்கலின் தோலை உடைக்கிறது. வறண்ட ஊர்தானே, ஓதம் எங்கே வரப்போகிறது என்பார்கள். ஓதத்துக்கு ஐப்பசி கார்த்திகை மழை போதும். அதன்பிறகு அடிக்கும் வெயில்தான் உப்பை வெளியே இழுக்கிறது.

இந்தச் சுவரில் பலகை அடித்தால் என்ன நடக்கும்? இங்கிலாந்தில் பழைய வீடுகளின் கார் ஷெட்டும் இதே நாலரை இஞ்சு ஒற்றைச் சுவர்தான். அங்கே சட்டம் அடித்து, இடையில் குளிர்தாங்கும் பொருளை அடைத்து, ஜிப்சம் பலகை போடுகிறார்கள். அது குளிருக்கான ஏற்பாடு. அங்கேயும் சுவர் ஈரத்தைச் சரிசெய்த பிறகே பலகை போடுவது நல்ல வேலை. நமக்கு அந்த இடுக்கில் வேறு குடித்தனம் வந்துவிடும். சட்டத்தில் கரையான் ஏறும். காட்டோரத்து வீட்டில் பலகைக்குப் பின்னால் எலி போகும், எலியைத் தேடிப் பாம்பு போகும். நான் அதிகம் பயப்படுவது நெருப்புக்கு. தெர்மாகோல் பற்றினால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், புகை மூச்சை அடைக்கும். பெட்ரோல் டேங்கும் சார்ஜில் நிற்கும் பேட்டரியும் இருக்கிற அறையில் அதை வைக்கச் சொல்ல என்னால் முடியாது. வெயிலுக்கும் அது சரியான மருந்தில்லை. அந்த ஷெட்டில் பெருவாரியான சூடு தகரம் வழியாக இறங்குகிறது. தகரத்தின் மேல் வெள்ளைப் பெயிண்ட், ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக இடம். இரண்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

மேஸ்திரி சொன்ன பூச்சு சரி. ஆனால் அடியிலிருந்து நுனி வரை சிமெண்டால் மூடுவது சரியில்லை. அடியில் சிமெண்டை அழுத்திப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இரண்டு மூன்று வருஷத்தில் பூச்சு பொள்ளலாகி, தகடு தகடாக விழும். கீழ் மூன்றடிக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் என் பரிந்துரை. சுண்ணாம்புக்கல்லைத் தனியாக 900 டிகிரிக்குச் சுட்டால் சுண்ணாம்பு. களிமண்ணோடு சேர்த்து 1450 டிகிரிக்குச் சுட்டால் சிமெண்டுக்கான கிளிங்கர். மூலம் ஒன்றுதான், குணம் வேறு. சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் புகுந்து வெளியே வர முடியும். உப்பும் செங்கலை விட்டுப் பூச்சுக்குள் வந்து சேரும். சில வருஷம் கழித்துக் கெட்டுப்போனால் அந்த மூன்றடியை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம், செங்கல் பிழைத்துவிடும். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு தலைமுறைகளாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது. சுண்ணாம்பு மெதுவாக இறுகும், சிமெண்டைவிட மென்மையும்கூட. ஆகவே பம்பர் இடிக்காதபடி தரையில் டயர் தடுப்புக்கட்டை கட்டிவிட வேண்டும்.

மேஸ்திரிக்கு இது புதிதாக இல்லை. "எங்கப்பா கடுக்காய்த் தண்ணி ஊத்தித்தான் பூசுவாருங்க" என்றவர், வடக்குச் சுவரில் மேல்பாதியை எப்படிப் பூசுவார் என்று அங்கேயே காட்டினார். அந்தச் சுவரில் ஓதம் இல்லை. செங்கல் இடுக்குகளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். உப்புப் பூத்த இடத்தையும் இப்படிக் காய்ந்த பிரஷ்ஷால்தான் துடைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, ஓர் ஆள் இடைவெளியில் சாந்தால் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகள்தான் பூச்சின் கனத்தைச் சொல்லும்: சீரான பக்கத்தில் 12 மில்லிமீட்டர், கரடான பக்கத்தில் 15. சுவரை நனைத்துக் கொஞ்சம் விட்டு, மணிக்கட்டைச் சுழற்றிச் சாந்தை வீசினார். வீசிய சாந்து இடுக்குக்குள் போய் அறைந்து உட்கார்ந்தது. தடவினால் இந்தப் பிடிப்பு வராது. மட்டக்கட்டையால் இழுத்து, கொஞ்சம் இறுகியதும் மணியாஸ் கட்டையால் தேய்த்தார்.

மேல்பகுதிக்கான சிமெண்ட் கலவை, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து. எம்-சாண்ட் காங்கிரீட்டுக்கும் கட்டுவேலைக்கும். பூச்சுக்கு அதைவிட நைஸான பி-சாண்ட் கேட்டு வாங்க வேண்டும். நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை சிமெண்ட் பிடிக்கும். மூன்று சுவருக்கு 520 சதுர அடி. அடி மூன்றடியைச் சுண்ணாம்புக்கு ஒதுக்கினால் நாலு மூட்டைக்குள் முடிந்துவிடும். ஒயரிங் பைப்பைப் பூசுவதற்கு முன்பே சுவரைக் கொத்திப் பதித்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். பிளக் பாயிண்டுகள் நாலடிக்கு மேலேயே இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டு போர்க் குழாய் வாயில் வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கம்பி இல்லாத வேலைக்கு 2000 என்கிறது நம் தர விதி. பூச்சில் கம்பி இல்லை என்று அலட்சியம் வேண்டாம். உப்புத் தண்ணீரில் கலந்தால், வெளியேற்ற நினைக்கிற உப்பை நாமே கலவையில் போட்டது போலாகும். நல்ல தண்ணீரில் கலந்து, அதையே தெளித்து ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். மேற்கு வெயில் நேராக விழுகிற இடத்தில் நனைத்த சாக்குத் தொங்கவிடலாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னதையே கார் ஷெட்டுச் சுவரைப் பூச நினைக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். வெளிமண்ணை உள்தரைக்குக் கீழே வரும்படி வெட்டி இறக்குங்கள். ஷீட் விளிம்பில் பைப் வைத்துத் தண்ணீரைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். ஒரு மழைக்காலம் சுவர் வெறுமனே நிற்கட்டும். தை பிறந்ததும் கீழ்ச்சுவரில் ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் ஈரம் கோத்திருந்தால் இன்னும் காத்திருங்கள். காய்ந்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.