அறுபத்தேழு புள்ளிகளும் ஒரு சோடிக் காப்பும்



கனடாவுக்குப் போவதைப் பற்றிய பேச்சு எழாத வீடு இன்று யாழ்ப்பாணத்தில் குறைவு. உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்திருக்கலாம். உங்கள் கணவர் இரவில் உட்கார்ந்து ஒரு கடதாசியில் புள்ளி போட்டுக் கூட்டிப் பார்த்திருக்கலாம். அடுத்த நாள் உங்கள் நகையைப் பற்றி மெதுவாகக் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்தக் காரியத்தில் பெண்கள் விளங்கிக் கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அதை அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

நான் ஒரு மௌலவி ஆசிரியன். வயது நாற்பத்து நான்கு. பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயதும் நிறையவில்லை. உம்மா என் கையைப் பிடித்துக் கொண்டு நடந்தார். அவர் கைகளில் கிடந்த காப்புகள் வழியில் பறிபோயின. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். அறபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதினேன். ஆசிரியர் நியமனம் கிடைத்தது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பழைய காணிக்குத் திரும்பி வந்து, கூரையில்லாமல் நின்ற சுவரின் மேல் கூரை போட்டோம். என் மனைவியும் யாழ்ப்பாணத்தவள்தான். வெளியேறும்போது கைக்குழந்தை. இன்று விஞ்ஞானப் பட்டதாரி, கணித ஆசிரியை. எங்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் இருக்கிறார்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், அதாவது மனைவியின் நானா, சென்ற வருடம் நோன்புப் பெருநாளன்று தொலைபேசியில் பேசினார். “மச்சான், பிள்ளைகளின்ட படிப்பை யோசிங்க. 67 புள்ளி எடுத்தாப் போதும், குடும்பத்தோட வரலாம்” என்றார். அன்றுதான் அந்த எண் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

இந்த 67 என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடா 1967ஆம் ஆண்டு இந்தப் புள்ளி முறையைக் கொண்டு வந்தது. அதற்கு முன்னர் பெரும்பாலும் எந்த நாட்டவர், எந்த இனத்தவர் என்று பார்த்தே குடியேற விட்டார்கள். பிறகு, படிப்பு என்ன, தொழில் என்ன, மொழி தெரியுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். அவுஸ்திரேலியாவிலும் இப்படி ஒரு முறை இருக்கிறது. அங்கே குறைந்தது 65 புள்ளி வேண்டும், அழைப்பு வரும்போது 45 வயதுக்குள் இருக்க வேண்டும். கனடாவில் திறமையுள்ள தொழிலாளர் என்ற பிரிவில் மொத்தம் 100 புள்ளி. மொழிக்கு 28, கல்விக்கு 25, தொழில் அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, அங்கே ஏற்கெனவே ஏற்பாடான வேலைக்கு 10, அந்த நாட்டில் ஒத்து வாழக்கூடிய வசதிகளுக்கு 10. கூட்டினால் 67 வர வேண்டும்.

நான் வீட்டுத் தலைவன் அல்லவா? முதலில் என் பெயரைத்தான் எழுதினேன். வயதுக்கு முழுப் புள்ளி 35 வயது வரைதான். பிறகு வருடத்துக்கு ஒன்று குறையும். எனக்கு 3. அனுபவத்துக்கு 15. கல்விக்கு வந்தபோது பேனை நின்றுவிட்டது. வெளிநாட்டுச் சான்றிதழை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமொன்று கனடாவின் படிப்போடு ஒப்பிட்டு மதிப்பீடு செய்து தர வேண்டும். அறபு இலக்கணமும் பிக்ஹும் ஹதீஸும் ஓதிய அந்த ஏழு வருடங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? உயர்தரத்துக்குரிய 5 புள்ளியை மட்டும் போட்டேன். ஆங்கிலமோ அவர்கள் கேட்கும் ஆகக் குறைந்த மட்டத்துக்கும் கீழே. அந்த மட்டம் இல்லாவிட்டால் மற்றப் புள்ளிகள் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து கடதாசியைப் பார்த்தாள். “இஞ்ச பாருங்க, புருஷன்ட பேரில்தான் போடணும் எண்டு எங்கயாவது எழுதியிருக்கா?” என்று கேட்டாள்.

எங்கும் எழுதியிருக்கவில்லை. சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். கணவன் மனைவி இருவரில் யாரும் பிரதான விண்ணப்பதாரராக இருக்கலாம். மற்றவர் துணைவராகக் கூடப் போகலாம். அவள் பெயரில் கூட்டினோம். வயது 36, புள்ளி 11. பட்டத்துக்கு 21. பத்து வருட ஆசிரியச் சேவைக்கு 15. அங்கே கூடப்பிறந்த நானா இருப்பதற்கு 5. நான் ஓரளவு ஆங்கிலம் காட்டினால் எனக்காக 5. அவளுடைய ஆங்கிலம் குறைந்த மட்டத்தைத் தொட்டால் 16. மொத்தம் 73.

உண்மையைச் சொல்வதானால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. குத்பா மேடையில் பெண் கல்வியைப் பற்றி எத்தனையோ முறை பேசியவன் நான். என் மனைவியின் பெயருக்குக் கீழே என் பெயர் ‘துணைவர்’ என்று வந்ததும் மனம் சுருங்கியது. அவளை நான்தான் படிக்க விட்டேன் என்று ஒரு எண்ணம் வந்தது. பட்டத்தை அவள் என் தயவில் எடுக்கவில்லை. அகதி முகாமில் லாம்பு வெளிச்சத்தில் படித்து எடுத்தாள். சுபஹுக்குப் பிறகு அதை அவளிடமே சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “தேத்தண்ணி ஆறுது” என்றாள்.

இருவரும் கொழும்புக்குப் போய் ஐ.ஈ.எல்.ரி.எஸ். சோதனை எழுதினோம். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் தாடியும் தொப்பியுமாக நான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நான்கு பகுதியிலும் 6 கிடைத்தது. எனக்கும் துணைவருக்குப் போதுமான அளவு வந்தது. அந்தப் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும்.

பெறுபேற்றோடு ஒரு ஏஜன்ஸிக்காரரிடம் போனோம். மரியாதையாகப் பேசினார். “மௌலவி, 73 எடுத்துட்டீங்க. இனி விசா கையில மாதிரி” என்றார். அவருடைய கூலியாகப் பன்னிரண்டு இலட்சம் ரூபா கேட்டார். கனடாவில் ஒரு கம்பனியிடமிருந்து வேலைக் கடிதம் எடுத்துத் தருவதாகவும், அதற்கு வேறு காசு என்றும், அந்தக் கடிதத்தால் புள்ளி மிகவும் கூடும் என்றும் சொன்னார். கடைசியாக வங்கிக் கணக்கைப் பற்றிக் கேட்டார். அங்கே போய்க் குடியமர்வதற்குக் குடும்பத்தின் கையில் இவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று கனடா ஒரு தொகை வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் நான்கு பேர் குடும்பத்துக்கு அது 28,362 கனடிய டொலர். எங்கள் காசில் சுமார் 60 இலட்சம். எங்களிடம் அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. “அது பிரச்சினையில்ல. ஆறு மாசம் உங்கட கணக்கில போட்டு வைக்க ஆக்கள் இருக்கிறாங்க. மாசம் ஒரு தொகை குடுத்தாச் சரி” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் ஒன்றும் பேசவில்லை. என் மனதில் ஓடியது மனைவியின் காப்பு. நிக்காஹ்வின்போது மஹராக நான் கொடுத்த ஒரு சோடி. பன்னிரண்டு இலட்சத்துக்கு வேறு என்ன இருக்கிறது? அடகு வைத்தால் வட்டி. விற்றால்? அன்றிரவு கேட்டும் விட்டேன். மஹர் பெண்ணின் சொத்து, அவள் மனம் விரும்பித் தந்தாலன்றி கணவன் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்த அதே வாயால் கேட்டேன்.

அவள் மறுக்கவும் இல்லை, கழற்றவும் இல்லை. “ரெண்டு நாள் தாங்க” என்றாள். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் படுத்த பிறகு கனடா அரசாங்கத்தின் விதிகளை அகராதியோடு உட்கார்ந்து வாசித்தாள். மூன்றாம் நாள் ஒரு கொப்பியைக் கொண்டு வந்து வைத்தாள். அதில் இருந்ததை உங்களுக்காகச் சுருக்கித் தருகிறேன்.

முதலாவது, 67 என்பது வெளிக்கேற் மட்டும்தான். அதைக் கடந்தால் 2015இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற வரிசையில் பெயர் சேரும். அங்கே வேறொரு கணக்கு, மொத்தம் 1,200. அவ்வப்போது மேலே இருப்பவர்களைத்தான் அழைக்கிறார்கள். அந்தக் கணக்கில் எங்கள் குடும்பத்துக்கு வந்தது 300. 2025இல் கல்வித் துறையினருக்கென்று தனிப் பிரிவு வைத்து, மே மாதத்தில் முதல் தடவையாக அழைத்தபோதுகூட, கடைசியாக எடுபட்டவரின் புள்ளி நானூறுக்கு மேலே இருந்தது. மனைவி இன்னும் படித்து ஆங்கிலத்தை இரண்டு மட்டம் உயர்த்தினாலும் 389தான். அதிலும் அவளுடைய வயதில் ஒவ்வொரு பிறந்தநாளும் 5 புள்ளியைக் கொண்டு போகிறது. நாற்பதைக் கடந்தால் 10.

இரண்டாவது, அந்த வரிசையில் வேலைக் கடிதத்துக்குக் கொடுத்துவந்த 50, 200 ஆகிய புள்ளிகளை 2025 மார்ச் 25ஆம் திகதியோடு நீக்கிவிட்டார்கள். இல்லாத புள்ளிக்கு எங்களிடம் காசு கேட்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, காட்டும் பணம் கடன் வாங்கியதாக இருக்கக்கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. பொய் சொல்லிப் பிடிபட்டால் ஐந்து வருடம் விண்ணப்பிக்க முடியாது.

நான்காவது, அந்த வரிசையில் பெயர் பதிவதற்குக் கட்டணமே இல்லை. தரகர் வேண்டும் என்ற சட்டமும் இல்லை.

நான் வாசித்து முடித்ததும் அவள் சொன்னாள்: “பிடிபடாட்டியும் அது பொய்தானே? மாசா மாசம் குடுக்கிறது வட்டிதானே? இதை நான் உங்களுக்குச் சொல்லணுமா?” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆசிரியர் வேலையில் எத்தனையோ பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வைக்கு நின்றிருக்கிறேன். துண்டுக் கடதாசி வைத்திருந்த பிள்ளையைப் பிடித்திருக்கிறேன். என் விடைத்தாள் வந்தபோது நானும் துண்டுக் கடதாசி தேடினேன்.

இன்னுமொன்று இருக்கிறது. உம்மாவுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. எங்கள் பேச்சு அவர் காதில் விழாமலில்லை. ஒரு நாள் அஸருக்குப் பிறகு முற்றத்தில் இருந்தபடி கேட்டார்: “மகன், அந்தப் பேப்பர்ல என்ட பேர எங்க எழுதியிருக்கு?”

எங்கும் எழுதியிருக்கவில்லை. கணவன் அல்லது மனைவி, 22 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், இவ்வளவுதான் அந்தப் படிவத்தில் குடும்பம். பெற்றோருக்கு ஒரு முறைக்கு ஐந்து வருடம் வரை தங்கும் விசிட் விசா எடுக்கலாம். அதற்கும் பிள்ளையின் வருமானத்தைக் கணக்குப் பார்ப்பார்கள். உம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, “போறதெண்டா போங்க. நான் போக வேண்டாம் எண்டு சொல்லல்ல. போன முறை மாதிரி சொல்லாமக் கொள்ளாம நடக்கல்ல, அதுவே பெரிய விஷயம்” என்றார். பிறகு தஸ்பீஹை எடுத்துக்கொண்டார்.

சகோதரிகளே! ஊரை விட்டுப் போவது பாவமென்று நான் சொல்லவில்லை. ஹலாலான வாழ்வாதாரத்தையும் கல்வியையும் தேடிப் பயணம் செய்வது நமது முன்னோர் செய்தது. புள்ளி போதுமானவர்கள், பணம் உள்ளவர்கள், பெற்றோருக்கு ஒரு வழி செய்துவிட்டுப் போகட்டும். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் போகுமுன் இரண்டு கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். உங்களில் படித்தவர் யாரோ அவர் பெயரில் போடுங்கள். கணவருடைய முகம் வாடினால் ஒரு தேத்தண்ணி கொடுங்கள், சரியாகிவிடும். உங்கள் நகையைக் கழற்றுமுன், அது எதற்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பொய்யால் ஒரு கட்டத்தையும் நிரப்ப விடாதீர்கள். குடும்பத்தில் ஒருவரையும் மறைக்கவும் விடாதீர்கள்.

எங்கள் படிவம் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. பெறுபேறு செல்லுபடியாகும் காலம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மனைவி அதிகாலையில் ஆங்கிலம் படிப்பதை நிறுத்தவில்லை. மகளும் பக்கத்தில் இருந்து படிக்கிறாள். அவளுக்கு வயது பதின்மூன்று. எந்தக் கணக்கிலும் அவளுக்கு இன்னும் புள்ளி குறையத் தொடங்கவில்லை. நாளை அவள் ஒரு படிவத்தை நிரப்பும்போது அதில் உண்மையை மட்டும் எழுதட்டும் என்று துஆச் செய்யுங்கள். நாங்களும் உங்களுக்காகத் துஆச் செய்கிறோம்.

காப்பு இன்னும் அவள் கையில்தான் கிடக்கிறது. இன்று காலை பாடசாலைக்குப் புறப்படும்போது உம்மா அதைத் தொட்டுப் பார்த்து, “ஒண்டு கொஞ்சம் நெளிஞ்சிருக்கு மகள், பத்தரிட்டக் குடுத்து நிமித்து” என்றார்.

வஸ்ஸலாம்.